கால்கட்டுப் போட்டால் புலி பூனையாகுமா?

சகோதரிகளே, முதலிலேயே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்குக் காதல் கதை என்றால் உயிர். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் சரி, கதாநாயகன் கடைசி ரயிலைப் பிடித்தானா இல்லையா என்று தெரியாமல் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டேன். தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி, பீரோவில் பட்டுப் புடவைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இரண்டில் எது எனக்கு உசத்தி என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்!

அப்படிப்பட்டவளிடம் சென்ற கோடை விடுமுறையில் அக்கா மகள் ஒரு புத்தகத்தை நீட்டினாள். பதினேழு வயசுப் பெண். "சித்தி, காதல் கதையில் நீங்கள் புலியாயிற்றே! இதைப் படித்துவிட்டு எப்படி இருக்கிறதென்று சொல்லுங்கள்" என்றாள்.

அமெரிக்க எழுத்தாளர் ராபின் மக்கின்லியின் 'பியூட்டி' அது. 1978-ல் வெளிவந்த அவருடைய முதல் நாவல். பதின்வயதுப் பெண்களுக்காகப் பழைய தேவதைக் கதை ஒன்றைப் புதிதாகச் சொல்லியிருக்கிறார். மூலக்கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். மகளுக்காக ஒரு ரோஜாவைப் பறித்த வியாபாரி, கோர மிருகம் ஒன்றிடம் அகப்பட்டுக்கொள்கிறான். தகப்பன் உயிருக்கு ஈடாக மகள் மிருகத்தின் மாளிகைக்குப் போகிறாள். கடைசியில் அவளுடைய அன்பினால் மிருகம் ராஜகுமாரனாகிறது.

எங்கள் ரெட்டிபாளையம் அரியலூர்ப் பக்கம், சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊர். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இந்தச் சீமையில் கடல் இருந்தது. இன்றும் மண்ணில் சிப்பிகள் அகப்படும். கையில் எடுத்தால் கனக்கும். வடிவம்தான் சிப்பி, உள்ளே முழுக்கக் கல். திரும்பச் சொல்லும் கதையும் அப்படித்தான் அல்லவா? வடிவம் பழசு, உள்ளே புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது என்றுதான் பார்க்கவேண்டும்.

சேர்ந்திருப்பது நல்ல சரக்குத்தான். பழைய கதையில் அக்காமார்கள் பொறாமைக்காரிகள், இதிலே தங்கமானவர்கள். கதாநாயகி பேருக்குத்தான் அழகி. பார்ப்பதற்கு வெகு சாதாரணம். புத்தகப் புழு, குதிரைப் பைத்தியம். மிருகத்தின் மாளிகையிலுள்ள புத்தகசாலையில், உலகத்தில் இன்னும் யாரும் எழுதாத புத்தகங்கள்கூட இருக்கின்றன! அதைப் படித்தபோது எனக்கே அங்கே போய்விடலாமா என்று தோன்றிவிட்டது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. ஒவ்வொரு இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு, "என்னை மணந்துகொள்வாயா?" என்று மிருகம் கேட்கிறது. "மாட்டேன்" என்கிறாள். மிருகம் உறுமுவதில்லை, தட்டை வீசுவதில்லை. மறுநாளும் மரியாதையாகவே பேசுகிறது. இது மூலக்கதையிலேயே உள்ளதுதான். 1740-ல் பிரெஞ்சு மாது வில்நெவ் எழுதிய நீண்ட கதையை, லண்டனில் சிறுமிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த போமோன் அம்மாள் 1756-ல் சுருக்கி எழுதினார். அதைத்தான் உலகம் அறியும். முகம் தெரியாத மாப்பிள்ளையை ஏற்றுக்கொள்ளப் பெண்களைத் தயார் செய்யும் கதை அது என்று சொல்பவர்களும் உண்டு.

நான் மெச்சியதும் பெண் சீறினாள். "மாளிகையில் அடைத்து வைத்துவிட்டுத் தினமும் கேட்டால் அது கேள்வியா, சித்தி?"

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்த வாரம் உறவில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்திருந்தது. நல்ல உத்தியோகம், சொந்த வீடு. "கொஞ்சம் முன்கோபி. கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான்" என்றார்கள். கூடத்திலிருந்தவர்கள் தலையாட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஆட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இவள்.

அன்றிரவு இன்னொரு கதை நினைவுக்கு வந்தது. நம் பக்கத்துக் கதை. பண்டிதர் நடேச சாஸ்திரி தென்னாட்டுக் கதைகளைத் திரட்டியவர். அவரும் கிங்ஸ்கோட் சீமாட்டியும் சேர்ந்து 1890-ல் லண்டனில் வெளியிட்ட தொகுப்பில், புலிக்கு வாழ்க்கைப்பட்ட பிராமணப் பெண்ணின் கதை ஒன்று இருக்கிறது. மந்திரம் தெரிந்த புலி, படித்த வாலிபனாக வேஷம் போட்டு வருகிறது. பெண்ணைப் பெற்றவர்கள் மயங்கிக் கல்யாணம் செய்து கொடுக்கிறார்கள். ஊருக்கு அழைத்துப் போகிற வழியில் புருஷன் சுயரூபத்தைக் காட்டிவிடுகிறான். பிறகு அதட்டலும் மிரட்டலும்தான்.

இந்தப் பெண் அன்பினால் புலியை மனுஷனாக்கினாளா? இல்லை. ஓலையில் எழுதிக் காக்கையின் கழுத்தில் கட்டி, அண்ணன்மாருக்கு அனுப்பினாள். அவர்கள் ஓடி வந்து, புலியைத் தந்திரமாக மிரட்டி விரட்டி, தங்கையை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். மறுபடி வேஷம் போட்டு மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக் கிணற்றின்மேல் பாய் விரித்து உபசாரம் நடந்தது. கதை முடிந்தது, புலியும் முடிந்தது!

காலையில் இதைச் சொன்னதும் பெண் கைகொட்டிச் சிரித்தாள். "இதுதான் சித்தி நல்ல கதை!"

"இரண்டும் நல்ல கதைதான்" என்றேன். "மக்கின்லியின் பெண் எப்போது சம்மதிக்கிறாள், பார். மிருகம் அவளைப் பிறந்த வீட்டுக்குப் போக விட்ட பிறகு, அவளாகத் திரும்பி வந்துதான் சம்மதிக்கிறாள். கதவைத் திறந்துவிட்டதனால்தான் அது காதல் கதை. நம் புலி கதவைத் திறக்கவே இல்லை. அதனால் அது தப்பிக்கும் கதை."

புத்தகத்தில் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. முந்நூறு நாள் விரதமிருந்தவருக்கு ஒரு கவளம் போட்டதுபோல, கடைசிக் கட்டத்தை அவசரமாக முடித்துவிடுகிறார் ஆசிரியை. அது போகட்டும். சாதாரண முகத்தோடே நம் மனத்தில் இடம் பிடித்தவளை, முடிவில் அழகியாக்கிக் கண்ணாடி முன்னால் நிறுத்துவானேன்? அவள் அப்படியே இருந்தால் ராஜகுமாரன் வேண்டாமென்று விடுவானா? இருந்தாலும் உங்கள் வீட்டுப் பெண் இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தால் தடுக்காதீர்கள். கூடவே புலிக் கதையையும் சொல்லி வையுங்கள்.

அன்று சாயங்காலமே உறவினர் வீட்டுக்குப் போனேன். "பெண்ணைக் கேட்டீர்களா?" என்று மட்டும் கேட்டேன். காபி டம்ளர்கள் அப்படியே நின்றன. பிறகு யாரோ உள்ளே போய்க் கேட்டார்கள். "வேண்டாம்" என்றாள்.

அந்த வீட்டு அத்தை என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. அந்தப் பெண் மட்டும் வாசல் வரை வந்து, "சித்தி, படிக்க ஏதாவது கதைப் புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

பீரோவைத் திறந்துவிட்டேன்.