பறித்த நாளும் ஊன்றும் நாளும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பேரிகை வட்டாரத்தில் மர விதை சேரும் காலம் தை, மாசியில் புளியோடு தொடங்குகிறது. பங்குனி, சித்திரையில் புங்கன் காய்கள் பழுப்பேறி உதிர்கின்றன. ஆனி, ஆடியில் வேம்பும் நாவலும் மாவும் சேர்ந்தே வருகின்றன. நம்பி ஊன்றும் அளவுக்கு மழை இறங்குவதோ பெரும்பாலும் ஆவணிக்குப் பிறகுதான். உதிர்ந்த விதை மண்ணுக்குள் போக இப்படிச் சில வாரங்களோ பல மாதங்களோ ஆகின்றன. அதுவரை அது எங்கே கிடக்கிறது, எப்படிக் கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மரம் நடுவது பற்றிய நம் பேச்சு குழி, கன்று, வேலி, தண்ணீர் என்றே ஓடுகிறது. ஆனால் பல தோல்விகள் குழி வெட்டும் முன்பே, ஏதோ ஒரு மூலையில் சாய்த்து வைத்த சாக்கு மூட்டைக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன.

இந்தப் பகுதிக்கு மர விதை இப்போது முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறது. ஓசூரில் 1970-களில் தொடங்கிய தொழிற்பேட்டை வளர்ச்சி இன்று சூளகிரி வரை வந்துவிட்டது. பெரிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும்போது, நிலத்தில் 33 சதவீதத்தைப் பசுமை வளையமாக வைத்திருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் வழக்கமான நிபந்தனையாக இருந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதத்துக்குக் கொண்டுபோவதையே இலக்காக வைத்திருக்கிறது. இலக்கு எதுவானாலும் அதற்கான கன்றுகள் ஒரு நாற்றங்காலில் முளைத்துத்தான் ஆக வேண்டும். அங்கே விதை உயிரோடு வந்து சேர வேண்டும்.

மூட்டைக்குள் இருக்கும் விதை சும்மா கிடப்பதுபோலத் தெரிந்தாலும் அது மூச்சு விடுகிறது. சேர்த்து வைத்த மாவுச்சத்தையும் எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறது. ஈரமும் சூடும் கூடக்கூட அந்தச் செலவு வேகமாகிறது. உயிரணுக்களின் சவ்வுகள் சிதைகின்றன. இதற்கு ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை அறிவியலாளர் ஒரு எளிய கணக்குச் சொன்னார். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிப்பாகும். 12 சதவீத ஈரத்தோடு 30 டிகிரியில் கிடக்கும் விதையை 8 சதவீதத்துக்குக் காயவைத்து 20 டிகிரியில் வைத்தால், ஈரம் குறைந்ததால் 16 மடங்கு, வெப்பம் குறைந்ததால் 4 மடங்கு, ஆக 64 மடங்கு ஆயுள் கூடுகிறது. இது தோராயக் கணக்குதான். ஈரப்பதம் 5 முதல் 14 சதவீதம் வரை உள்ள விதைகளுக்கே பொருந்தும். ஆனால் காயவைப்பதும் குளிர வைப்பதும் எவ்வளவு பெரிய வேலைகள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

விதையில் ஈரம் 8, 9 சதவீதத்துக்குக் கீழே போனால் வண்டுகள் பெருகுவதில்லை. 14-ஐத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். 20-ஐத் தாண்டினால் குவியலே சூடேறும். மழைக்காலக் காற்றின் ஈரத்தைச் சாக்குப் பை அப்படியே உள்ளே விட்டுவிடுகிறது. அதற்குப் பயந்து சரியாகக் காயாத விதையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் நிலைமை இன்னும் மோசம். ஈரம் வெளியேற வழியில்லாமல் விதை உள்ளேயே வெந்து, பூசணம் பூத்துவிடும். காயவைக்கிறேன் என்று உச்சி வெயிலில் சிமெண்ட் தளத்தில் பரப்புவதும் ஆபத்து. அந்தத் தளத்தின் சூடே விதையைக் கொன்றுவிடும். நிழலில், காற்றோட்டத்தில், மெல்லப் பரப்பி, அடிக்கடி கிளறிவிடுவதுதான் முறை. பழைய மைசூர்ச் சீமையில் ராகியை நிலத்தடிக் குழியில் கொட்டி, காற்றுப் புகாமல் மூடி, ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். நன்றாகக் காய்ந்த தானியத்தைத்தான் குழியில் இறக்கினார்கள் என்பதே அந்த முறையின் உயிர்.

ஆனால் எல்லா விதையும் ராகியைப் போலக் காய்வதைத் தாங்குவதில்லை. 1973-இல் இங்கிலாந்தின் இ. எச். ராபர்ட்ஸ் விதைகளை இரண்டு வகையாகப் பிரித்தார். காயக்காய, குளிரக்குளிர ஆயுள் கூடுபவை ஒரு வகை. காய்ந்தாலே செத்துப்போகிறவை இன்னொரு வகை. 1990-இல் எல்லிஸ், ஹாங் ஆகியோரோடு சேர்ந்து, இரண்டுக்கும் நடுவே காபியைப் போன்ற மூன்றாம் வகை ஒன்றும் உண்டு என்று காட்டினார்.

முதல் வகையில் புளி, வாகை, கொன்றை எல்லாம் அடங்கும். அவற்றின் தோல் கடினம். தண்ணீரே உள்ளே நுழையாததால்தான் வாகை விதையை வெந்நீரில் போட்டெடுத்து விதைக்கிறோம். அந்தத் தோல் எவ்வளவு காலம் உயிரைக் காக்கும் என்பதற்கு லண்டனில் ஒரு சான்று உண்டு. 1793-இல் சீனாவில் சேகரித்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்த வாகை இன விதைகள், 1940-இல் குண்டுவீச்சால் பிடித்த தீயை அணைக்கப் பாய்ச்சிய நீர் பட்டு முளைத்தன. 147 ஆண்டுகள் அவை அலமாரியில் கிடந்தன. குளிர்பதன வசதி எதுவும் அங்கே இல்லை. உலர்ந்திருந்ததே போதுமானதாக இருந்தது.

மாவும் நாவலும் பலாவும் இரண்டாம் வகை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது நெருக்கமான விஷயம். மாம்பழக் கூழ் ஆலைகள் சீசனில் மலைமலையாக மாங்கொட்டையை வெளியே தள்ளுகின்றன. ஒட்டு மாங்கன்று உற்பத்திக்கு வேர்க்கன்று இந்தக் கொட்டையிலிருந்துதான் எழும்ப வேண்டும். ஆனால் மாங்கொட்டையின் உயிர் ஏறக்குறைய ஒரு மாதம். அதுவும் குவியலில் சூடேறாமலும் வெயிலில் சுருங்காமலும் இருந்தால்தான். சதை நீக்கிய சில நாட்களுக்குள் கழுவி, நீரில் மிதப்பதை ஒதுக்கிவிட்டு, மூழ்குவதை ஊன்றிவிடுவதே நல்லது. தாமதிக்க வேண்டி வந்தால் ஈரமான தேங்காய் நார்க்கழிவிலோ மரத்தூளிலோ புதைத்து நிழலில் வைக்கலாம். அதனால் கிடைப்பது சில வாரங்களே. நாவல் கொட்டைக்கு அவ்வளவுகூடக் கிடைக்காது.

விதைப்பந்து விழாக்கள் எனக்கு உறுத்தலாக இருப்பது இதனால்தான். பள்ளிப் பிள்ளைகள் களிமண்ணும் எருவும் பிசைந்து, ஆர்வத்தோடு உருட்டும் பந்துகளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆர்வம் மதிப்பு மிக்கது. ஆனால் நாவல் கொட்டையை வைத்து உருட்டி, மழைக்காகப் பல வாரம் காயவைத்தால், எறியும் நாளில் அதற்குள் இருப்பது வெறும் ஓடு. வேப்பங்கொட்டையை ஈரமண்ணில் பொதிந்தால் பாதி நனைந்து, மீண்டும் காய்ந்து, தொடங்கிய முளைப்பு அறுந்து போகிறது. பிள்ளைகளிடம் புளி, வாகை, கொன்றை விதைகளைக் கொடுங்கள். நாவலையும் மாவையும் அன்றைக்கே குழியில் ஊன்றச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை உருட்டிய பந்து முளைக்காமல் போவது சின்ன விஷயமல்ல. அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டும் உருட்ட வர வேண்டும்.

வேம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் தெருவெல்லாம் தானாக முளைக்கும் இந்த மரத்தின் விதை, சேமிப்பு ஆராய்ச்சியாளர்களைப் பல காலம் குழப்பியது. சில இடங்களில் அது சில வாரங்களில் செத்தது. வேறு சில இடங்களில் ஆண்டுகள் தாங்கியது. மரத்தின் ரகமே வேறோ என்ற சந்தேகம்கூட எழுந்தது. ஆராய்ச்சி தொடரத் தொடரக் காரணம் துலங்கியது. பழத்திலிருந்து எடுத்ததும் வேப்ப விதையில் ஈரம் நிறைய இருக்கும். அந்த ஈரத்தோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் குளிரே அதைக் கொல்கிறது. எண்ணெய் மிகுந்த விதை என்பதால் மெதுவாக, 8 சதவீதத்துக்கும் கீழே காயவைத்தால் நீண்ட காலம் தாங்கும். அதன் பிறகும் ஒரு கண்டம் உண்டு. நன்கு காய்ந்த விதையைக் குளிர்ந்த நீரில் திடீரென ஊறவைத்தால் சவ்வுகள் கிழிந்து உயிர் போய்விடும். ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் காலைத் தண்ணீர் இதற்குப் போதுமான குளிர். முதலில் ஈரக் காற்றில் சற்றுப் பதப்படுத்தி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்க வேண்டும். ஆடியில் பழம் பொறுக்குகிறவர் பழுத்தும் பழுக்காத மஞ்சள் பச்சைப் பருவத்தில் எடுத்து, அன்றே சதையைக் கழுவி, நிழலில் உலர்த்துவது இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி. சதையோடு குவித்து வைத்தால் நொதித்துச் சூடேறும். பிறகு எந்தக் குளிர்சாதனமும் அந்த விதையை மீட்காது.

இதற்கெல்லாம் வழிகாட்ட நிறுவனங்கள் தொலைவில் இல்லை. கோயம்புத்தூரில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. பேரிகைக்கு இன்னும் பக்கத்தில், பெங்களூரில், சந்தன மர ஆராய்ச்சிக்குப் பேர்போன மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. காயவைக்க முடியாத பலாவுக்குக்கூட, டெல்லியின் தேசியத் தாவர மரபுவள அமைப்பில் விதையின் கருவை மட்டும் பிரித்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் காக்கும் முயற்சியை 1990-களிலேயே செய்தார்கள். அது ஆய்வகத்துக்கு. ஊருக்குத் தேவைப்படுவது அதைவிட எளியது.

ஓசூர் வட்டாரத்தில் ரோஜா விவசாயிகளிடம் குளிர் அறைகள் இருக்கின்றன. காதலர் தினம் வரைதான் அங்கே உச்ச நெரிசல். புளியும் புங்கனும் வருவது அதையொட்டி. அந்த அறையில் ஒரு அலமாரியை ஊராட்சியோ நாற்றங்காலோ பேசி வாங்கலாம். ஆனால் பூவுக்கு வேண்டிய அறை ஈரமானது. விதையைச் சாக்கில் வைத்தால் அந்த ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். எனவே முதலில் நன்றாக உலர்த்தி, ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, மரத்தின் பெயர், மரம் நிற்கும் இடம், பறித்த தேதி மூன்றையும் மேலே எழுதி ஒட்ட வேண்டும். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறந்துவிடக் கூடாது. அறைச்சூட்டுக்கு வரும்வரை, ஓர் இரவாவது, மூடியே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த விதைமேல் வியர்த்துப் படிந்துவிடும்.