நூறு ரூபாவில் சாப்பாட்டுக்கு எவ்வளவு?

சம்பளம் போட்ட மறுநாள் தோட்டத்துக் கடைகளில் நடப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். போன மாதப் பற்றைத் தீர்த்துவிட்டு, அதே நிமிடத்தில் இந்த மாதப் பற்றைத் தொடங்குகின்றார்கள். கடை முதலாளியின் கொப்பியில் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். சாமான் வாங்கியவர் வீட்டில் ஒரு கடதாசித் துண்டும் இராது. "மாதம் சாப்பாட்டுக்கு எவ்வளவு போகிறது?" என்று மாதர் குழுக் கூட்டம் ஒன்றில் நாம் கேட்டபோது, "எவ்வளவு வருதோ அவ்வளவும் போகுது" என்றார் ஒரு தாய். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பதில் பெரிய பிழையல்ல. அது ஏன் என்பதையே இங்கு விளக்க முயல்கின்றோம்.

வறிய குடும்பம் தன் செலவில் பெரும்பங்கைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கின்றது என்பது எமது பாட்டிமாருக்கும் தெரிந்த விடயம். அதை முதன்முதலில் எண்கணக்காகக் காட்டியவர் எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜேர்மன் புள்ளிவிபர அறிஞர். (கார்ல் மார்க்ஸின் நண்பரான ஏங்கல்ஸ் வேறு, இவர் வேறு.) பெல்ஜிய நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்த அவர், வருமானம் குறையக் குறைய உணவுக்குப் போகும் பங்கு கூடிக்கொண்டே போகின்றது என்று 1857இல் எழுதினார். இன்றும் ஒரு குடும்பத்தின் வாழ்க்கைத் தரத்தை அறிய உலகெங்கும் முதலில் பார்க்கப்படும் எண்களில் இதுவும் ஒன்றாகும்.

எமது நாட்டில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சில வருடங்களுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று வருமானத்தையும் செலவையும் கேட்டு எழுதுகின்றது. 2016ஆம், 2019ஆம் ஆண்டுகளின் ஆய்வுகளின்படி, முழு நாட்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு குடும்பம் செலவிடும் நூறு ரூபாவில் ஏறக்குறைய 35 ரூபா உணவுக்குப் போயிற்று. நகரங்களில் இது இன்னும் குறைவு. தோட்டப் பகுதிகளில் ஏறக்குறைய பாதி. நெருக்கடிக்கு முன்னைய, ஓரளவு நல்ல காலத்துக் கணக்கு இது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

சுட்டெண் யாருடைய கூடை?

வானொலியில் "பணவீக்கம் இத்தனை வீதம்" என்று சொல்லும்போது, அது பெரும்பாலும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணிலிருந்து எடுக்கப்படுவதாகும். சுட்டெண் என்பது ஒரு கூடை. சராசரிக் குடும்பம் ஒன்று வாங்கும் பொருட்களையும் சேவைகளையும் அந்தக் கூடையில் போட்டு, மாதாமாதம் அதன் மொத்த விலை எவ்வளவு என்று பார்க்கின்றார்கள். 2022இல் பாவனையில் இருந்த கொழும்புக் கூடையில் உணவின் பாரம் நூற்றுக்கு 28 அளவு. தேசிய சுட்டெண்ணின் கூடையில் அது 44 அளவு. ஒரே நாட்டுக்கு இரண்டு கூடைகள். லயத்தில் வாழும் குடும்பத்தின் கூடையோ இரண்டையும் விடப் பாரமானது.

2022 செப்டெம்பரில், முந்திய செப்டெம்பருடன் ஒப்பிட்டால், கொழும்புச் சுட்டெண்ணின்படி எல்லாப் பொருட்களுமாகச் சேர்ந்து 69.8 வீதம் விலை ஏறியிருந்தன. உணவுப் பொருட்கள் மட்டும் 94.9 வீதம் ஏறியிருந்தன. காரணங்கள் பலருக்கும் தெரிந்தவையே. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்ததால் விளைச்சல் வீழ்ந்தது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபின், 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. கோதுமை, பருப்பு, சீனி, பால்மா எல்லாம் கப்பலில் வருபவை.

இந்த 94.9 வீதம் இரண்டு வீடுகளில் என்ன செய்கின்றது என்று பார்ப்போம். நகரத்துக் குடும்பம் ஒன்று நூறு ரூபாவில் 28 ரூபாவைச் சாப்பாட்டுக்குச் செலவிடுவதாகவும், தோட்டக் குடும்பம் ஒன்று 50 ரூபாவைச் செலவிடுவதாகவும் வைத்துக்கொள்வோம். இரு வீட்டிலும் வருமானம் ஏறவில்லை. இரு வீட்டாரும் முன்னர் வாங்கிய அதே சாமான்களை அதே அளவில் வாங்க விரும்புகின்றார்கள். நகரத்துக் குடும்பத்துக்கு 28 ரூபாச் சாப்பாடு 54 ரூபா 57 சதமாகின்றது. கடினம்தான். ஆயினும் கையில் 45 ரூபா மிச்சமுண்டு. தோட்டக் குடும்பத்துக்கு 50 ரூபாச் சாப்பாடு 97 ரூபா 45 சதமாகின்றது. மிச்சம் 2 ரூபா 55 சதம். மண்ணெண்ணெய், பிள்ளைகளின் கொப்பி, பஸ் காசு, மருந்து, மரணவீட்டுக் காசு எல்லாம் அந்த இரண்டரை ரூபாவுக்குள் அடங்க வேண்டும். அந்த மண்ணெண்ணெயும் 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக்கப்பட்டது.

"எவ்வளவு வருதோ அவ்வளவும் போகுது" என்ற தாயின் கணக்கு இதுதான்.

வெட்டப்படுவது எது?

நடைமுறையில் எந்தக் குடும்பமும் நூற்றுக்கு 97 ரூபாவைச் சாப்பாட்டுக்குக் கொடுப்பதில்லை, கொடுக்கவும் முடியாது. அப்படியானால் என்ன நடக்கின்றது? சாப்பாடு சுருங்குகின்றது. அதற்கும் ஓர் ஒழுங்கு இருப்பதை நாம் வீடுகளில் கண்டோம். முதலில் இறைச்சியும் மீனும் போகும். பிறகு முட்டை. பிறகு பால்மா, தேநீரிலிருந்து விலகிக் கைக்குழந்தைக்கு மட்டும் என்றாகும். அதன்பின் நெத்தலி. கறி இரண்டிலிருந்து ஒன்றாகும். ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பல் வெறும் மிளகாய்ச் சம்பலாகும். பருப்பைக் கடைசி வரை விடமாட்டார்கள், தண்ணீரைக் கூட்டுவார்கள். மாவும் அரிசியும் சீனியும் இறுதியாகவே குறையும், ஏனெனில் மலை ஏறிக் கொழுந்து பறிக்க வயிறு நிரம்ப வேண்டும். வயிறு நிரம்புவதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பட்டினி தெரிவதில்லை. வெட்டப்படுபவை பிள்ளைகளின் எலும்புக்கும் தாய்மாரின் இரத்தத்துக்கும் வேண்டியவை. வீட்டிற்குள்ளும் முதலில் யாருடைய கோப்பை சிறுக்கின்றது என்பதை நாம் எழுதத் தேவையில்லை. கடைசியாகச் சாப்பிட உட்காருபவர் யாரென்பது எல்லோருக்கும் தெரியும்.

இதனால் புள்ளிவிபரத்திலும் ஒரு மயக்கம் ஏற்படுகின்றது. ஒரு குடும்பம் முன்பு நூற்றுக்கு 50 ரூபாவை உணவுக்குச் செலவிட்டு, நெருக்கடியில் 60 ரூபாவைச் செலவிட்டால், பங்கு பத்து ரூபா மாத்திரமே கூடியதாகத் தோன்றும். விலையோ இரட்டிப்பாகிவிட்டது. ஆகவே அந்த 60 ரூபாவுக்கு, முன்பு ஏறக்குறைய 31 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாடே வந்து சேர்ந்திருக்கும். செலவின் பங்கை மட்டும் பார்ப்பவர் இந்த இழப்பைக் காணமாட்டார். ரூபாவோடு கிலோவையும் எழுதினால்தான் அது தெரியும்.

2022இல் உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து செய்த மதிப்பீட்டில் நாட்டில் 63 இலட்சம் பேர் போதிய உணவின்றி இருந்ததாகக் கூறப்பட்டது. நூற்றுக்கு 28 பேருக்கும் மேல்.

ஏற்றம் நின்றது, விலை இறங்கவில்லை

பணவீக்கம் குறைந்துவிட்டது என்று 2023இல் செய்தி வந்தபோது, "அப்ப ஏன் கடையில குறையல்ல?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பணவீக்கம் என்பது விலையல்ல, விலை ஏறும் வேகம். பஸ் மலையில் ஏறி, மேலே சமதரைக்கு வந்துவிட்டால் ஏற்றம் பூச்சியம். பஸ் கீழே இறங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவாக இருந்த உணவு 2022 செப்டெம்பரில் 195 ரூபா. அடுத்த வருடத்தில் உணவு விலை 5 வீதம் போல் இறங்கியது; அதாவது 185 ரூபா. 2024 செப்டெம்பரில் மொத்தப் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே 0.5 வீதத்துக்குச் சென்றது. அப்போதும் விலைகள் பெரும்பாலும் மலை உச்சியிலேயே நின்றன.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாக்கப்பட்டது: அடிப்படைச் சம்பளம் 900, வரவு செலவுத் திட்டப்படி 100. நெருக்கடி முழுவதும் அந்த ஆயிரம் அசையவில்லை. 2024 செப்டெம்பரில்தான் அது 1,350 ஆயிற்று. நூறுக்கு நூற்று முப்பத்தைந்து. சாப்பாடோ நூறுக்கு நூற்றெண்பதைத் தாண்டி நின்றது. அதுவும் முழுப்பேர் விழுந்தால்தான். கொழுந்து குறைந்து அரைப்பேர் போடப்பட்ட நாட்களும், வேலை கொடுக்கப்படாத நாட்களும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஒரு காலத்தில் இக்கணக்கு வேறுவிதமாக இருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ், தோட்டமே தொழிலாளருக்கு அரிசியைக் குறித்த விலைக்கு மேற்படாமல் வழங்க வேண்டியிருந்தது. பின்னர் நாடு முழுவதற்கும் பங்கீட்டு அரிசி வந்தது. அதன் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியதற்கே 1953 ஆகஸ்டில் ஹர்த்தால் வெடித்தது. 1973, 74இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, பங்கீடு வெட்டப்பட்டபோது, தோட்டங்களில் மரண வீதம் கடுமையாக உயர்ந்தது. கிராமத்தவருக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்து மக்களுக்கு அதுவும் இருக்கவில்லை. 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. அரிசி அளவுக்குப் பதில் ரூபாப் பெறுமதி. அந்த ரூபா அப்படியே நிற்க விலைகள் ஏறின. சில வருடங்களுக்குள் முத்திரையின் பெறுமதி பாதியளவாகத் தேய்ந்தது. 2023இல் ஆரம்பமான அஸ்வெசும கொடுப்பனவும் ரூபாவிலேயே நிர்ணயிக்கப்பட்டது. அதைக் கூட்டுவதற்கு ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தீர்மானம் வேண்டும். விலை ஏறுவதற்கு யாருடைய தீர்மானமும் வேண்டியதில்லை.

வறியவருக்கு விலையும் கூட

இன்னொரு விடயமும் உண்டு. கையில் காசில்லாதவர் ஒரு கிலோவாக வாங்குவதில்லை, நூறு கிராமாக வாங்குகின்றார். ஒரு கிலோ பருப்பு 300 ரூபா என்றும், நூறு கிராம் 35 ரூபா என்றும் வைத்துக்கொண்டால், பத்து முறை வாங்கியவர் 350 ரூபா கொடுத்திருப்பார். பால்மா, சவர்க்காரம், தேங்காயெண்ணெய் எல்லாவற்றிலும் இதே கதை. பற்றுக்கு வாங்குபவர் விலை பேசவும் மாட்டார், வேறு கடைக்குப் போகவும் மாட்டார். கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. 2022இல் பற்றுக் கொடுத்தே பல சிறு கடைகள் முடங்கின. எனினும் பற்றின் பாரம் கிலோ விலைக்குள் ஒளிந்திருக்கின்றது.

இவற்றையெல்லாம் பேசியபின், அந்த மாதர் குழுவினர் இரண்டு மாதங்கள் கொப்பி எழுதிப் பார்க்கச் சம்மதித்தார்கள். முறை சுலபம். எண்பது பக்கக் கொப்பியில் மூன்று நிரல்: சாமான், அளவு, ரூபா. எழுதத் தெரியாத தாய்மாருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள். மாத முடிவில் இரண்டு கேள்விகள். வந்த நூறு ரூபாவில் உணவுக்கு எவ்வளவு போனது? சென்ற மாதம் வாங்கிய அதே அளவை இந்த மாத விலைக்கு வாங்கினால் எவ்வளவு வரும்? இரண்டாவது கேள்விக்கான விடைதான் அந்த வீட்டின் சொந்தச் சுட்டெண். திணைக்களம் செய்வதும் இதைத்தான், பெரிய அளவில்.

ஒரு வீட்டில் இரண்டு மாதமும் உணவுச் செலவு ஏறக்குறைய ஒரே தொகையாக இருந்தது. "செலவு கூடல்லதானே" என்று மகிழ்ந்தார்கள். அளவு நிரலைப் பார்த்தபோது பருப்பு இரண்டு கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோவாகியிருந்தது. நெத்தலி முக்கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ. முட்டைக்கு எதிரே முதல் மாதம் பத்து, இரண்டாம் மாதம் ஒன்றுமில்லை. அப்படிக் குறைந்தது வீட்டுத் தாய்க்கே தெரிந்திருக்கவில்லை.

இப்போது ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து மாதச் சீட்டுக் காசில் ஒரு பங்கை எடுத்து, பருப்பையும் சீனியையும் மூடையாக டவுனில் வாங்கிப் பிரித்துக்கொள்கின்றார்கள். பஸ் கூலி போகவும் இலாபம் இருக்கின்றது. இன்னும் இரண்டு குடும்பங்களுக்குச் சேர விருப்பம்தான். ஆனால் பழைய பற்றுத் தீராமல் வேறிடத்தில் வாங்கினால் கடையில் மாவும் கிடைக்காது என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பற்றை எத்தனை மாதத்தில் எப்படித் தீர்ப்பது என்று கடை முதலாளியுடன் பேச, அடுத்த சம்பளத்துக்குப் பின் ஒரு நாளைக் குறித்திருக்கின்றார்கள்.