வீட்டுத் தோட்டத்தில் தேனீ வளர்ப்பு

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீட்டுத் தோட்டத்திலும் தேனீ வளர்க்கலாம். ஆயினும் ஒரே ஒரு பெட்டி வைத்திருப்பவரும் மாநில முதன்மைத் தொழில்துறை மற்றும் பிராந்திய மேம்பாட்டுத் திணைக்களத்தில் பதிவு செய்தல் கட்டாயமாகும். வழங்கப்படும் எண்ணைப் பெட்டியின்மீது தெளிவாகப் பொறிக்க வேண்டும்.

பதிவு ஏன்?
2022 ஜூன் மாதம் நியூகாசில் துறைமுகத்தில் வரோவா எனும் உண்ணி கண்டறியப்பட்டது. இளம்புழுக்கள் வளரும் அறைகளுள் பெருகும் இவ்வுண்ணி, கவனிப்பாரற்ற தேனீக் குடும்பத்தை முற்றாக அழித்துவிடும். அயலவரின் பெட்டிகளுக்கும் பரவும். 2023 செப்டம்பரில் இதனை ஒழிக்கும் முயற்சி கைவிடப்பட்டது. இனி ஒவ்வொரு வளர்ப்பாளரும் தம் பெட்டிகளைத் தவறாது சோதித்துக் கட்டுப்படுத்துவதே வழி.

அயலவர் நலன்
பெட்டியின் வாயில் நடைபாதையையோ அயல்வீட்டையோ நோக்கியிருத்தலாகாது. அருகில் எப்போதும் நீர் வைக்கவும். இல்லையேல் தேனீக்கள் அயலவரின் நீச்சல் குளத்தை நாடும்.

வசந்த காலத்தில் மரக்கிளையில் தேனீக் கூட்டம் தொங்கக் கண்டால், மருந்து தெளிக்காது உள்ளூர்த் தேனீ வளர்ப்போர் சங்கத்துக்கு அறிவிக்கவும். தேனீ கொட்டியபின் மூச்சுத் திணறினால் உடனே 000 எண்ணை அழைக்கவும்.

கொட்டாத தேனீக்கள்
கொடுக்கற்ற உள்நாட்டுத் தேனீக்களை வளர்க்கப் பதிவு தேவையில்லை. வரோவா அவற்றைத் தாக்குவதுமில்லை. சிறுவர் உள்ள இல்லங்களுக்கு இவை ஏற்றவை.

தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவையெனின் 131 450 எண்ணை அழைக்கவும்.