எந்த நிகழ்வில் பெயர் கொடுப்பது?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் வணிகப் பாடம் பயிலும் மாணவர்கள் பலர் டெக்கா என்னும் அமைப்பில் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். அந்த அமைப்பு ஆண்டுதோறும் வணிகத் திறன் போட்டிகளை நடத்துகிறது. அவற்றில் கலந்துகொள்ள விரும்பும் மாணவர், போட்டி நாளுக்குப் பல மாதங்களுக்கு முன்பே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். பட்டியலில் ஏறத்தாழ 60 நிகழ்வுகள் இருக்கும். நடுவர் முன் தோன்ற வேண்டிய நிகழ்வுகளில் ஒன்றே ஒன்றில்தான் பன்னாட்டு மாநாட்டில் போட்டியிட முடியும். எனவே, ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்பது மற்றவற்றை அந்த ஆண்டுக்குக் கைவிடுவதாகும். இந்த முடிவைப் பல மாணவர்கள் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். அதன் விளைவைப் பல மாதங்கள் சுமக்கிறார்கள்.

இத்தனை நிகழ்வுகள் எப்படி வந்தன என்பதை அறிய, இந்த அமைப்பின் தொடக்கத்தைச் சற்றுப் பார்க்கலாம். 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ்-டீன் சட்டம் இயற்றப்பட்டது. கடைகளிலும் விற்பனைத் துறையிலும் வேலை செய்வதற்கான பயிற்சிக்கு அரசாங்க நிதி கிடைக்க அச்சட்டம் வழிவகுத்தது. உற்பத்தியாளரிடமிருந்து பொருள் வாங்குபவரைச் சென்றடையும் வழிமுறைகளைக் கற்பித்ததால் அப்பயிற்சி ‘விநியோகக் கல்வி’ எனப்பட்டது. அதைப் பயின்ற மாணவர்களின் கழகங்கள் ஒன்றுசேர்ந்து 1946இல் உருவானதே டெக்கா. கடைச் சிப்பந்திகளை உருவாக்கத் தொடங்கிய கல்வி, இன்று சந்தைப்படுத்தல், நிதி, விருந்தோம்பல் மற்றும் சுற்றுலா, வணிக நிர்வாகம், தொழில்முனைப்பு எனக் கிளை விரித்துள்ளது. நிகழ்வுகளின் பட்டியலும் அதற்கேற்ப நீண்டுவிட்டது. அண்டை நாடான கனடாவிலும் மாணவர்கள் இதே போட்டிகளில் பங்கேற்கிறார்கள். மாவட்டம், மாநிலம் அல்லது மாகாணம் எனப் படிப்படியாக முன்னேறுபவர்கள், வசந்த காலத்தில் நடைபெறும் பன்னாட்டு மாநாட்டில் சந்திக்கிறார்கள்.

நிகழ்வைத் தேர்ந்தெடுக்கும்போது மாணவர்களின் கண்களில் முதலில் படுவது அதன் பெயர். பெயர்தான் பலரை ஏமாற்றவும் செய்கிறது. வாகனங்கள் மீது அளவுகடந்த ஆர்வம் கொண்ட ஒரு மாணவரை எண்ணிப் பாருங்கள். ‘வாகனச் சேவைச் சந்தைப்படுத்தல்’ என்ற நிகழ்வைக் கண்டதும் அவர் துள்ளிக் குதிக்கலாம். ஆனால், அங்கே இயந்திரத்தைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. பழுதுபார்க்கும் பட்டறைக்கு வாடிக்கையாளர்களை எப்படி ஈர்ப்பது, கார் கழுவும் நிலையத்திற்கு எப்படி விளம்பரம் செய்வது, சேவையில் குறை கண்டு சினந்து வந்தவரை எப்படிச் சமாதானப்படுத்துவது என்பன போன்ற சிக்கல்களே தரப்படும்.

அதோடு, அந்த மாணவர் எழுதும் தேர்வும் வாகனங்களைப் பற்றியது அன்று. இப்பிரிவில் 100 பல்தேர்வு வினாக்கள் கொண்ட ஒரு தேர்வு உண்டு. அது ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனித்தனியாக அமைவதில்லை, துறைவாரியாக அமைகிறது. ஆடை அணிகலன் சந்தைப்படுத்தல், உணவுப்பொருள் சந்தைப்படுத்தல், விளையாட்டு மற்றும் பொழுதுபோக்குச் சந்தைப்படுத்தல், வாகனச் சேவைச் சந்தைப்படுத்தல் ஆகிய அனைத்திலும் போட்டியிடுவோர் எழுதுவது ஒரே சந்தைப்படுத்தல் தேர்வைத்தான். அவ்வாறே தங்கும் விடுதி நிர்வாகத்தைத் தேர்ந்தெடுத்தவரும் உணவக நிர்வாகத்தைத் தேர்ந்தெடுத்தவரும் விருந்தோம்பல் துறைக்கான ஒரே தேர்வை எழுதுகிறார்கள். ஆகவே, நிகழ்வின் பெயருக்கு முன்னால் துறையைப் பார்க்க வேண்டும். பழைய மாதிரித் தேர்வுத்தாள் ஒன்றை எடுத்து, ஒரு மாலைப் பொழுதில் விடையளித்துப் பார்த்தாலே போதும். எந்தத் துறையின் வினாக்கள் சலிப்பூட்டுகின்றன, எவை தவறாக விடையளித்தாலும் ‘ஏன்’ என்று தேடத் தூண்டுகின்றன என்பது விளங்கிவிடும். நிதித் துறையில் நல்ல சம்பளம் கிடைக்கும் என்று பெற்றோர் சொன்னதற்காக அதில் பெயர் கொடுத்துவிட்டு, வட்டிக் கணக்கைக் கண்டாலே முகம் சுளிக்கும் மாணவருக்கு அந்த மாலைப் பொழுது ஓர் ஆண்டையே மிச்சப்படுத்தும்.

தேர்வு ஒரு பகுதிதான். தனிநபர் நிகழ்வுகளில் மாணவரின் திறமையை வெளிச்சத்துக்குக் கொண்டு வருவது பாகமேற்று நடித்தல். ‘நடித்தல்’ என்றதும் மேடை நாடகம் என்று எண்ணிவிடக்கூடாது. மாணவரிடம் ஒரு தாள் கொடுக்கப்படும். அதில் ஒரு நிறுவனத்தின் சூழலும், மாணவர் ஏற்க வேண்டிய பொறுப்பும், தீர்க்க வேண்டிய சிக்கலும் எழுதப்பட்டிருக்கும். படித்துத் திட்டமிட 10 நிமிடம். பின்னர், நடுவரிடம் சென்று பேச 10 நிமிடம். நடுவராக அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் வணிகத் துறையில் வேலை செய்யும் ஒருவர். அவரும் மேலாளராகவோ, வாடிக்கையாளராகவோ, நிறுவன உரிமையாளராகவோ ஒரு பாகத்தை ஏற்றிருப்பார்.

எடுத்துக்காட்டாக, துரித உணவகம் ஒன்றின் துணை மேலாளராக ஒரு மாணவி பாகமேற்கிறார் என வைத்துக்கொள்வோம். நண்பகல் வேளையில் வரிசை நீண்டுவிடுகிறது. காத்திருந்து சலித்த வாடிக்கையாளர்கள் எதிரே உள்ள கடைக்குப் போய்விடுகிறார்கள். இதற்கு என்ன செய்யலாம் என்று அவர் மேலாளரிடம் எடுத்துரைக்க வேண்டும். மாணவிக்குச் சட்டென்று ஓர் எண்ணம் தோன்றுகிறது. கைப்பேசிச் செயலி வழியாக முன்கூட்டியே உணவை வாங்கச் செய்யலாம்! அதைப் பற்றியே பத்து நிமிடமும் மளமளவெனப் பேசுகிறார். நடுவர் புன்னகையோடு தலையசைக்கிறார். மாணவி மகிழ்ச்சியோடு வெளியேறுகிறார். முடிவு வரும்போதோ புள்ளி குறைவாக இருக்கிறது.

காரணம் அந்தத் தாளின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு சூழலோடும் ‘செயல்திறன் குறியீடுகள்’ எனப்படும் சில வரிகள் தரப்படுகின்றன. முதலாண்டு உறுப்பினர்களுக்கான அடிப்படை நிகழ்வுகளில் நான்கு குறியீடுகளும், தனிநபர் தொடர் நிகழ்வுகளில் ஐந்து குறியீடுகளும் இருக்கும். வாடிக்கையாளர் உறவின் தன்மையை விளக்குதல், ஊழியர்களின் வேலை நேரத்தைத் திட்டமிடுவதன் தேவையை எடுத்துரைத்தல் போன்றவை அவற்றில் அடங்கும். புள்ளிகளின் பெரும்பங்கு இக்குறியீடுகளுக்கே உரியது. மாணவியின் எண்ணம் எவ்வளவு புதுமையாக இருந்தாலும், குறியீடுகளை அவர் தொடாவிட்டால் நடுவரால் அந்த இடங்களில் புள்ளி வழங்க இயலாது. ஒரு வகையில் இது கண்டிப்பான முறைதான். ஆனால், கேட்கப்பட்டதற்கு விடை சொல்லாமல் தனக்குப் பிடித்ததைச் சொல்லும் துணை மேலாளரை எந்த மேலாளரும் விரும்பமாட்டார் அல்லவா?

இவ்வகை நிகழ்வு யாருக்குப் பொருந்தும்? நன்றாகப் பேசுபவருக்கு என்று உடனே சொல்லத் தோன்றும். அந்த விடை பாதிதான் சரி. வகுப்பில் ஓயாமல் பேசுகிற மாணவர், பத்து நிமிடத்தில் ஒரு தாளைப் படித்து, ஐந்து கருத்துகளை வரிசைப்படுத்தத் தெரியாமல் தடுமாறலாம். அதிகம் பேசாத மாணவி, தாளின் ஓரத்தில் ஐந்து சொற்களை எழுதி வைத்துக்கொண்டு நிதானமாக ஒவ்வொன்றையும் விளக்கிவிட்டு வரலாம். முன்னேற்பாடு இல்லாத சூழலில் எண்ணங்களை ஒழுங்குபடுத்தும் திறன்தான் இங்கே உரைகல்.

பேசுவதற்குக் கூச்சப்படும் மாணவர்கள் எழுத்துவகை நிகழ்வுகளை ஓர் அடைக்கலமாக நினைப்பதுண்டு. அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்று எண்ணி அவற்றில் பெயர் கொடுக்கிறார்கள். பிறகுதான் அறிக்கையின் முடிவில் நடுவர் முன்னிலையில் 15 நிமிடப் படைப்பு இருப்பது தெரியவருகிறது. வினாக்களும் கேட்கப்படும். தப்பிக்க வழியில்லை. எனினும், இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பாகமேற்று நடித்தலில் என்ன சிக்கல் வரும் என்பது கடைசிப் பத்து நிமிடம் வரை தெரியாது. எழுத்துவகை நிகழ்விலோ, பேச வேண்டிய ஒவ்வொரு சொல்லையும் வாரக்கணக்கில் ஒத்திகை பார்க்கலாம். கூச்ச சுபாவம் உள்ளவருக்கு அந்த ஒத்திகை பெரிதும் கைகொடுக்கும். எனவே, ‘பேச வேண்டுமா, வேண்டாமா’ என்று ஒரு மாணவர் தம்மைக் கேட்டுக்கொள்வதில் பயனில்லை. ‘திடீரென்று பேசுவது எளிதா, பழகிப் பேசுவது எளிதா’ என்று கேட்டுப் பார்ப்பதே பயன் தரும்.

எழுத்துவகை நிகழ்வுகள் பலவற்றில் தேர்வு இல்லை என்பது சிலருக்குப் பெரிய நிம்மதி. அதற்கு ஈடாக அவை நேரத்தைக் கேட்கின்றன. வணிகச் செயல்பாட்டு ஆய்வு என்னும் பிரிவை எடுத்துக்கொள்வோம். ஒருவர் முதல் மூவர் வரை சேர்ந்து செயல்படலாம். உண்மையான ஒரு நிறுவனத்தை அணுகி, அந்த ஆண்டுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பில் ஆய்வு நடத்தி, ஒரு திட்டத்தை முன்மொழிய வேண்டும். அறிக்கை 20 பக்கத்துக்கு மேற்போகக்கூடாது. வடிவமைப்பு விதிகளை மீறினால் புள்ளி கழிக்கப்படும். திட்ட நிர்வாகப் பிரிவிலும் இதே பக்க வரம்புதான். ஆனால், அங்கே ஆய்வோடு நின்றுவிட முடியாது. சமூக விழிப்புணர்வு, நன்கொடை திரட்டல், நிதியறிவு, விற்பனை போன்றவற்றில் ஒரு திட்டத்தை வகுத்து, செயல்படுத்தி, கண்காணித்து, முடித்துக் காட்ட வேண்டும்.

இங்கேதான் நாட்காட்டியைப் பார்க்கும் பழக்கம் தேவைப்படுகிறது. அமெரிக்கப் பள்ளி ஆண்டு ஆகஸ்டு அல்லது செப்டம்பரில் தொடங்குகிறது. மாநில அளவிலான போட்டிகள் பெரும்பாலும் அடுத்த ஆண்டின் முதல் சில மாதங்களிலேயே வந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் நவம்பரும் டிசம்பரும் கடைக்காரர்களுக்கு ஆண்டிலேயே மிகவும் பரபரப்பான மாதங்கள். நன்றி நவிலும் நாளும் கிறிஸ்துமஸும் நெருங்கும் வேளையில், ஆய்வுக்காக நேர்காணல் கேட்டு வரும் மூன்று மாணவர்களுக்கு ஒதுக்க எந்தக் கடை முதலாளிக்கு நேரம் இருக்கும்? அக்டோபரிலேயே முதலாளியிடம் இணக்கம் பெற்று, வாடிக்கையாளர் கருத்தாய்வை முடித்துவிட்டவர்கள் டிசம்பர் விடுமுறையில் எழுத அமரலாம். தட்டிக் கழித்துக்கொண்டே வந்தவர்கள் அதே விடுமுறையில்தான் கடையைத் தேடிப் புறப்படுவார்கள்.

இவ்விரண்டுக்கும் இடையே, தேர்வும் சிக்கல் தீர்த்தலும் கலந்த குழு முடிவெடுத்தல் நிகழ்வுகள் உள்ளன. இருவர் கொண்ட குழு ஒரு வணிகச் சூழலைப் படித்து 30 நிமிடத்தில் தீர்வு காண வேண்டும். பிறகு, 15 நிமிடத்திற்குள் நடுவரிடம் விளக்கம் அளிக்க வேண்டும். குறியீடுகளும் இங்கே ஏழு. துணைக்கு ஒருவர் இருக்கிறார் என்ற தைரியத்தால் இந்த நிகழ்வுகளைப் பலர் நாடுகிறார்கள்.

நெருங்கிய தோழிகள் இருவர் இதில் சேர்ந்து பெயர் கொடுப்பது வழக்கமான காட்சி. தோழமையும் குழு வேலையும் ஒன்றல்ல என்பது பயிற்சி தொடங்கிய பிறகே தெரியும். இருவரும் தனித்தனியாகத் தேர்வு எழுதுகிறார்கள். புள்ளிகளின் சராசரியே குழுவின் புள்ளி. ஒருத்தி பாடத்தைக் கரைத்துக் குடித்து 90 புள்ளி பெற்று, மற்றவள் படிக்காமல் வந்து 50 புள்ளி பெற்றால், குழுவுக்குக் கிடைப்பது 70தான். தோல்விக்குப் பிறகு இருவருக்கும் இடையே நிலவும் மௌனம் சில நேரங்களில் பள்ளி ஆண்டு முடியும் வரை நீடிக்கும். மாறாக, கணக்கில் கெட்டிக்காரர் ஒருவரும் விளக்கிச் சொல்வதில் வல்லவர் ஒருவரும், அதுவரை அதிகம் பழகாதவர்களாக இருந்தாலும், நன்றாகப் பொருந்திப் போவதுண்டு. பெயர் கொடுப்பதற்கு முன் ஒரு மாதிரிச் சூழலைச் சேர்ந்து செய்து பார்ப்பது நல்லது. 30 நிமிடத்தில் யார் எழுதுகிறார், யார் கேட்கிறார், கருத்து வேறுபட்டால் யார் விட்டுக்கொடுக்கிறார் என்பவை தாமாகவே வெளிப்பட்டுவிடும். பொருந்தவில்லை என்றால், அதை அப்போதே வெளிப்படையாகச் சொல்வது சங்கடமானதுதான். பிறகு சொல்வதைவிட அது எளிது.

போட்டியாளர்கள் குறைவாக இருக்கும் நிகழ்வைத் தேடிப் பிடிப்போரும் உண்டு. மாவட்ட அளவில் அந்த உத்தி ஓரளவு பலிக்கலாம். ஆனால், கடந்த ஆண்டு ஆளில்லாமல் கிடந்த நிகழ்வில் இந்த ஆண்டும் கூட்டம் இருக்காது என்பதற்கு உறுதியில்லை; இதே கணக்கைப் பலரும் போட்டிருப்பார்களே! பன்னாட்டு மாநாட்டிலோ எந்த நிகழ்வும் ஆளில்லாமல் இருப்பதில்லை. பிடிக்காத துறையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவது பெரும் சுமை.

முதலாண்டு உறுப்பினர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. வணிக நிர்வாகம், நிதி, விருந்தோம்பல் மற்றும் சுற்றுலா, சந்தைப்படுத்தல் போன்ற அடிப்படை நிகழ்வுகள் அவர்களுக்காகவே ஒதுக்கப்பட்டவை. பல ஆண்டு அனுபவம் உள்ள மூத்த மாணவர்களோடு அங்கே மோத வேண்டியதில்லை. எந்தத் துறை தமக்கு ஒத்துவரும் என்று புரியாமல் தவிப்பவர்களுக்கு இவை ஏற்றவை. ஆனால், அந்தக் கதவு ஓர் ஆண்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். துரித உணவகச் சிக்கலில் புள்ளி இழந்த மாணவிக்கும் மறு ஆண்டில் அந்த நிகழ்வு கிடைக்காது. அவர் மீண்டும் பட்டியலைப் புரட்ட வேண்டும். இம்முறை அவர் கையில் முதலாண்டுத் தேர்வுப் புள்ளியும், எந்தக் குறியீட்டை விட்டுவிட்டார் என்ற நினைவும் இருக்கின்றன. தேர்வில் அவர் பெற்றது நல்ல புள்ளி. பேச்சில் தடுமாற்றம் இல்லை, விட்டது குறியீடுகளைத்தான். அவர் விரல் இப்போது உணவக நிர்வாகம் என்ற வரியில் நிற்கிறது. அதற்கு இரண்டு வரி கீழே, தோழி ஒருத்தி சேர்ந்து செய்யலாம் என்று அழைத்த குழு நிகழ்வும் இருக்கிறது. பதிவுக்குக் கடைசி நாள் இன்னும் இரண்டு வாரத்தில். மாதிரிச் சூழல் ஒன்றைச் சேர்ந்து செய்து பார்க்க ஒரு மாலைப் பொழுது போதும்.