வேலியில் அலரி, வாசலில் நாய்

2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையாலும் 2006–2007 யுத்தத்தாலும் வாகரைப் பகுதி மக்கள் வீடுவாசலை விட்டு இடம்பெயர நேர்ந்தது. பனிச்சங்கேணியும் அதில் அடங்கும். இடம்பெயர்ந்தோர் ஊர் திரும்பியதும் முதலிற் செய்யும் வேலை, வளவைத் துப்புரவாக்கி வேலி அடைப்பதாகும். முட்கம்பி வாங்க வசதியில்லாதோர் அலரித் தடி நடுவதுண்டு. தண்ணீர் அதிகம் வேண்டாம். ஆடு மாடும் கடிக்காது. ஏன் கடிப்பதில்லை என்று நாம் சற்று யோசிக்க வேண்டும்.

அலரியின் இலை, பூ, தண்டு, வேர், விதை யாவும் நஞ்சு. செவ்வலரியானாலும் மஞ்சள் அலரியானாலும் அந்நஞ்சு இதயத்தையே தாக்கும். வாயில் நீர் வடிதல், வாந்தி, சோர்வு, இதயத்துடிப்புத் தாறுமாறாதல் என்பன அறிகுறிகள். வளர்ந்த நாய் பச்சை இலையை விரும்பாது. ஆனால் பல் முளைக்கும் குட்டி கண்ட தடியையும் கடிக்கும். வெட்டிய இலை காய்ந்தால் கசப்புக் குறையும், நஞ்சு குறையாது. அப்போது ஆடும் தின்றுவிடும்.

ஆளில்லாது கிடந்த வளவுகளில் கவனிக்க வேண்டிய வேறு மூன்று செடிகளும் உண்டு.

ஆமணக்கு: விதையைக் கடித்து மென்றால் உயிராபத்து. பசளையாக இடும் ஆமணக்குப் பிண்ணாக்கையும் நாய் மணம் பிடித்துத் தின்னும்.

கார்த்திகைப்பூ: இதன் கிழங்கே கொடிய நஞ்சு. வற்றாளைக் கிழங்கென மயங்கி உண்ட மனிதரும் உளர். மண் கிண்டும் நாய்க்கு எட்டாதபடி தோண்டி அகற்றுக.

ஊமத்தை: காயும் விதையும் மயக்கத்தையும் வெறிபிடித்தாற் போன்ற நிலையையும் தரும்.

கச்சானும் சோளமும் விதைத்தவருக்கு நாய் வெறும் செல்லப்பிராணியன்று. இரவில் பன்றி வருவதை முதலில் அறிவிப்பது அதுவே. நாயை இழந்த குடும்பம் விளைச்சலையும் இழக்கக் கூடும்.

நாய் நஞ்சுச் செடியைத் தின்றுவிட்டால் வாயில் உள்ளதை அகற்றி, நீரால் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தியெடுக்க வைக்க வேண்டாம். உப்பே நாயைக் கொல்லக்கூடும். மயங்கிய நாயின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். அது சுவாசப்பைக்குள் போய்விடும். தின்ற செடியின் துண்டொன்றுடன் தாமதியாது அரச மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

புதிதாக வேலி அடைப்போர் கிளுவை அல்லது பூவரசு நடலாம். குழையும் ஆட்டுக்கு உதவும். அலரி ஏற்கெனவே நின்றால், வெட்டிய கொப்புகளை முற்றத்தில் விடாதீர்கள். எரிக்கவும் வேண்டாம், புகையும் தீங்கானது. ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள்.

நாய்க்குச் சொன்ன இவை, தவழ்ந்து திரியும் குழந்தைக்கும் பொருந்தும்.