மசகு எண்ணெயில் எஞ்சிய உயிர்த்தடங்கள்

கொழும்புக் கடலில் கப்பல்களிலிருந்து இறக்கப்பட்டு, சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் பெற்றோலாகவும் டீசலாகவும் மண்ணெண்ணெயாகவும் பிரிக்கப்படும் மசகு எண்ணெய், பண்டைக் கடல்களில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் உடற்பொருள் சேற்றில் புதையுண்டு வெப்பத்தால் மாறியதன் விளைவாகும். 1969ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அந்நிலையம் ஈரானிய எண்ணெய்க்கென வடிவமைக்கப்பட்டது. ஈரானின் பெரிய வயல்கள் பலவற்றுக்கு மூலமான கஸ்துமி என்னும் பாறைப்படை ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்ததாகும். இவ்வளவு காலம் கடந்தும், அவ்வுயிர்களின் சில மூலக்கூறுகள் தம் காபன் சட்டகத்தை இழக்காமல் எண்ணெயில் எஞ்சியுள்ளன. இவற்றையே புவி இரசாயனவியலாளர் உயிர்க்குறிகாட்டிகள் என்கின்றனர்.

இத்துறைக்கு வித்திட்டவர் ஜேர்மனிய இரசாயனவியலாளர் அல்பிரட் டிரைப்ஸ் ஆவார். 1930களில் மசகு எண்ணெயில் போபிரின் எனப்படும் வளைய மூலக்கூறுகளைக் கண்டறிந்த அவர், அவை தாவரப் பச்சையத்திலிருந்து வந்தவை என விளக்கினார். இலையில் அவ்வளையத்தின் நடுவே இருந்த மகனீசியம் நீங்கி, எண்ணெயில் வனேடியமோ நிக்கலோ அவ்விடத்தில் அமர்ந்திருந்தது. எண்ணெயின் உயிரியல் தோற்றத்துக்கு இதைவிட வலுவான சான்று அதுவரை கிடைத்திருக்கவில்லை.

ஆயினும் இத்துறையின் மிக வியப்பான கண்டுபிடிப்பு ஹோபேன்களைப் பற்றியதே. ஐந்து வளையங்கள் கொண்ட இச்சேர்மங்கள் உலகின் எண்ணெய்கள் ஏறத்தாழ அனைத்திலும் தென்பட்டபோதும், அவற்றை ஒத்த பொருள்கள் சில தாவரங்களிலும், சிங்கராஜ வனத்தின் பெருமரங்கள் சேர்ந்த குடும்பத்து மரப்பிசின்களிலுமே முன்னர் அறியப்பட்டிருந்தமையால், அவற்றின் பரவலுக்குக் காரணம் புலப்படவில்லை. பற்றீரியாக்களின் மென்சவ்வை உறுதிப்படுத்தும் மூலக்கூறுகளே அவற்றின் மூலம் என்பது பின்னரே தெளிவாயிற்று. பிரான்சின் ஸ்திராஸ்பூர்க்கில் கீ ஊரிசோனும் பியர் அல்பிரெக்ட்டும் இதனை விரிவாக ஆராய்ந்தனர். பாசி முதலிய கருவுள்ள உயிர்களின் மென்சவ்விலுள்ள, கொலஸ்திரோலை ஒத்த பொருள்கள் ஸ்டெரேன்களாக எஞ்சுகின்றன. பூக்கும் தாவரங்கள் விட்டுச்சென்ற ஒலியனேன், தென்கிழக்காசிய எண்ணெய்கள் பலவற்றில் மிகுதியாக உண்டு.

இவற்றின் விகிதங்கள் எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடுவதாலும், ஹோபேன்கள் வெயிலாலும் நுண்ணுயிர்களாலும் எளிதில் சிதையாமையாலும், கடலில் கசிந்த எண்ணெயின் மூலத்தைக் கண்டறிய அவை கைரேகையைப் போல் உதவுகின்றன. அலாஸ்காவில் 1989ஆம் ஆண்டு எக்சோன் வால்டீஸ் கப்பல் விபத்துக்குப் பின் கரையில் சேகரிக்கப்பட்ட தார்க்கட்டிகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் பல கலிபோர்னிய எண்ணெயிலிருந்து வந்தவை எனவும், 1964ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் உடைந்த தாங்கிகளிலிருந்து கசிந்தவையாக இருக்கலாம் எனவும் தெரியவந்தது. குற்றம் சாட்டுவதற்கு மட்டுமன்றி, தவறான பழியை விலக்குவதற்கும் இச்சான்று பயன்படும் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

2020 செப்டெம்பரில் குவைத் எண்ணெயில் ஏறத்தாழ 270,000 தொன்னை ஏற்றிச்சென்ற நியூ டயமண்ட் கப்பல் இலங்கையின் கிழக்குக் கடலில் தீப்பற்றியபோது, அச்சரக்கு கடலில் கலக்காமல் தப்பியது. எனினும், வளைகுடாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் இடைப்பட்ட கப்பற்பாதையோரம் இந்நாடு அமைந்துள்ளதால், நாளை வெள்ளவத்தைக் கரையில் தார்க்கட்டி ஒதுங்கினால் அதன் மூலத்தை ஒப்பிட்டறிய மாதிரிகள் தேவைப்படும். எனவே நாட்டுக்கு வரும் எண்ணெயின் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு மாதிரியை முறையாகப் பேணிவைத்தல் வேண்டும்.