செம்மறியும் தாது உப்பும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் ஆடு மேய்க்கும் குடும்பம் எங்களுடையது. அக்குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். "ஆண்டு மலருக்கு ஆட்டைப் பற்றி எழுதப் போகிறேன்" என்றதும் விடுதி நண்பர்கள் சிரித்தனர். சிரிக்கட்டும். தனிம வரிசை அட்டவணையில் கட்டம் கட்டமாக நாம் மனப்பாடம் செய்யும் கோபால்ட்டும் தாமிரமும் ஓர் ஆட்டின் வயிற்றில் என்னென்ன செய்கின்றன என்று அறிந்தால், அவர்களுக்கும் இதில் பற்று உண்டாகக் கூடும்.

கோடையில் புல் காய்ந்துவிட்டால் எங்கள் பொட்டாடுகள் மண்சுவரை நக்கும். குட்டிகள் மண்ணைத் தின்னும். "ஆடு உப்புக் கேக்குது" என்பார் தாத்தா. கழுநீரில் ஒரு கை கல்லுப்பு அள்ளிப் போடுவார். எழுத்தறியாத அவர் சொன்னது பெரும்பாலும் சரிதான். புல்லில் சோடியம் குறைவு. முற்றிக் காய்ந்த புல்லில் பாஸ்பரசும் குறைந்துவிடும். மண் தின்பது இக்குறைகளின் அடையாளங்களுள் ஒன்று. குடற்புழு இருந்தாலும் தின்னும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வைட்டமின்களைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டியதில்லை. பச்சைத் தழையிலுள்ள கரோட்டின் உடலில் ஏ வைட்டமினாக மாறுகிறது. ஈரல் அதைச் சில மாதங்களுக்குச் சேமித்து வைக்கும். நீண்ட வறட்சியில்தான் அச்சேமிப்பு தீர்ந்து, ஆடுகள் அந்தி மயங்கியதும் வழி தெரியாமல் தடுமாறும். டி வைட்டமினுக்கு நம் ஊர் வெயில் போதும். பி வகையை, அசைபோடும் வயிற்றின் முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள் தாமே ஆக்கித் தருகின்றன. ஆனால் அவற்றுள் பி12 ஒன்றுக்கு மட்டும் நுண்ணுயிர்களுக்குக் கோபால்ட் வேண்டும்.

இது கண்டறியப்பட்ட கதை சுவையானது. மேற்கு ஆஸ்திரேலியாவில் டென்மார்க் என்றோர் ஊர் உண்டு. அவ்வட்டாரத்தில் கால்நடைகள் முழங்காலளவு புல்லில் நின்றுகொண்டே மெலிந்து மடிந்தன. இரத்தம் வெளிறியிருந்ததால் இரும்புக் குறை என்று கருதி லிமோனைட் என்னும் இரும்புத் தாதுவைக் கொடுத்தார்கள், குணமாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அண்டர்வுட், ஃபில்மர் என்ற இருவர் அத்தாதுவிலிருந்து இரும்பை நீக்கிவிட்டு எஞ்சியதைக் கொடுத்துப் பார்த்தனர். அப்போதும் குணமாயிற்று! மருந்து இரும்பன்று, அதில் மாசாக ஒட்டியிருந்த கோபால்ட் என்பது 1935இல் வெளியாயிற்று. அது உடலில் என்ன செய்கிறது என்பது, 1948இல் பி12 பிரித்தெடுக்கப்பட்டு அதன் நடுவே கோபால்ட் அணு இருப்பது தெரிந்த பிறகே விளங்கியது. பி12இன் அமைப்பை எக்ஸ் கதிரால் கண்டறிந்த டாரதி ஹாட்ஜ்கின் 1964இல் நோபல் பரிசு பெற்றார். இத்தனைக்கும் ஆட்டுக்குத் தேவைப்படுவது ஒரு கிலோ உலர்தீவனத்தில் ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் கோபால்ட்தான்!

இவ்வளவு சிறிய அளவில் இத்தனை பயன் என்றால், கூடக் கொடுத்தால் கூடப் பயன் என்று தோன்றும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தோன்றியது.

2022ஆம் ஆண்டு கோடையில் குட்டிகள் அதிகமாக மண் தின்னவே, அய்யா கடையிலிருந்து ஒரு பை தாது உப்புக் கலவை வாங்கி வந்தார். அய்யா தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். பையில் இருந்ததோ ஆங்கிலம். பதினோராம் வகுப்பில் சேரவிருந்த நான் பெருமையோடு உரக்கப் படித்தேன்: கால்சியம், பாஸ்பரஸ், துத்தநாகம், தாமிரம் 0.1 சதவீதம். மாடுகளுக்கும் கன்றுகளுக்கும் என்ற வரியையும் படித்தேன். "மாட்டுக்கு நல்லதுன்னா ஆட்டுக்கும் நல்லதுதான்" என்று சொன்னவன் நானே. தினமும் தவிட்டில் கலந்து ஆட்டுக்கு 20 கிராம் அளவில் வைத்தோம். மண் தின்பது குறைந்தது, மகிழ்ந்தோம்.

ஆவணியில், கிடை மாற்றி நெடுந்தூரம் ஓட்டிச் சென்ற மறுநாள், ஓர் ஆடு கண் மஞ்சளித்துப் படுத்தது. சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கிற்று. ஐந்து நாட்களில் நான்கு போயின. கூடவே அதே தவிட்டைத் தின்ற வெள்ளாடுகளுக்கு ஒன்றுமில்லை. கண்ணேறு என்றாள் அம்மா. கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துப் பார்த்தார். ஈரல் மஞ்சளித்தும் சிறுநீரகம் கருத்தும் இருந்தன. "என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். பையைக் காட்டினோம்.

கணக்கு எளிது. 0.1 சதவீதம் என்றால் ஒரு கிராமில் ஒரு மில்லிகிராம் தாமிரம். 20 கிராமில் 20. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உலர்தீவனம் தின்னும் செம்மறிக்கு 7 முதல் 11 மில்லிகிராம் தாமிரம் போதும். அதை மேய்ச்சலே பெரும்பாலும் தந்துவிடும். மிகுந்த தாமிரத்தைப் பித்தநீர் வழியே வெளியேற்றும் ஆற்றல் செம்மறிக்குக் குறைவு. மாடும் வெள்ளாடும் அதைவிட நன்றாகத் தாங்கும். எனவே தாமிரம் செம்மறியின் ஈரலில் மாதக்கணக்கில் சேரும். அதுவரை ஆடு கொழுகொழுவென்றே இருக்கும். ஒரு நாள் நெடுநடையோ தாகமோ தாக்கினால் ஈரல் அதை ஒருசேர இரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடையும், உடைந்த ஹீமோகுளோபின் சிறுநீரில் இறங்கும். தீவனத்தில் மாலிப்டினமும் கந்தகமும் போதுமான அளவு இருந்தால், அவை வயிற்றிலேயே தையோமாலிப்டேட்டாகி, தாமிரத்தைப் பிணைத்து உடலில் ஏறாமல் தடுக்கும். இதை நான் படித்தது சென்ற ஆண்டு, நம் கல்லூரி நூலகத்தில்.

தவிட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோயில் கொடைக்கென்று கட்டி வைத்துத் தவிடு போட்டே வளர்க்கும் கிடாய்கள் சில நீர் கட்டிச் சாகின்றன. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். சிறுநீரில் கல் உண்டாகி வழியை அடைக்கிறது. தீவனத்தில் பாஸ்பரசைப் போல் இரு மடங்கு கால்சியம் இருக்க வேண்டும் என்பர். கடலைக்கொடி சேர்த்துப் போட்டாலே பெரிதும் சரியாகும்.

எங்கள் ஆடுகளுக்கு இப்போது செம்மறிக்கென்று செய்த, தாமிரம் சேர்க்காத உப்புக்கட்டியைத்தான் தொங்கவிடுகிறோம். புதிதாக எது வாங்கினாலும் அய்யா அதன் பின்புறத்தைப் படமெடுத்து விடுதியிலிருக்கும் எனக்கு அனுப்புகிறார். சென்ற மாதம் வந்த படத்தில், தாமிரம் இருக்க வேண்டிய வரியின் மேல் கடைக்காரர் விலைச்சீட்டை ஒட்டியிருந்தார். வாங்க வேண்டாம் என்று உடனே போன் செய்து சொன்னேன்.